மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

புவேனஸ் ஐரிஸ்,
14 ஆகஸ்ட் 1998

என் அன்புக் கிழவனுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நம் ஒருரோவிலிருந்து இரண்டு நாள் பேருந்தில் உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிட்டது.

பயிற்சி என்றால் பார்ப்பது மட்டும்தான். சிகிச்சை அறைத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு இந்தப் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதையும் தொடக்கூடாது. முதல் நாள் ஒருவருக்கு ஈறைத் திறந்தபோது என் கை தானாக முன்னால் போய்விட்டது. பேராசிரியை ஒல்காசார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒருரோ டாக்டர், கண்ணால பார்த்தா போதும்" என்றார். பதினாறு வருடம் பல் பிடுங்கியவளுக்கு இந்த நிலைமை. சிரிக்காதே.

உன் முன்பல் இரண்டும் போன இடத்தில், எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டலாமாம். கற்றுக்கொண்டு வருகிறேன். நீ மறுபடி ட்ரம்பெட் ஊத வேண்டும். அதற்காகத்தானே வந்தேன்.

உன்,
நில்டா

ஒருரோ,
30 ஆகஸ்ட்

தங்கக் கிழவிக்கு,

சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு.

பேருந்து ஓட்டுநர் மாமானியிடம் வறுத்த மொச்சை ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் உனக்கே. பவுலா அம்மா தாடையைப் பிடித்துக்கொண்டு தினமும் வருகிறாள். "உம் பொண்டாட்டி எப்ப வருவா? ஆடுது, புடுங்கிட்டா நிம்மதி. நீயாவது புடுங்கேன்" என்கிறாள். "நான் மேளம் தட்டுறவன் ஆத்தா" என்றேன்.

கார்னிவல் திருவிழாவுக்கு பேண்டு ஒத்திகை சீக்கிரம் ஆரம்பம். எனக்குப் பெரிய மேளம்தான். மூன்று வருடத்தில் பழகிவிட்டது. ட்ரம்பெட்டைத் துடைத்து மட்டும் வைக்கிறேன்.

உன் கிழவன்,
எலியோதோரோ

புவேனஸ் ஐரிஸ்,
19 செப்டம்பர்

எலியோ,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு கசாப்புக் கடைக்காரர் வந்தார். உனக்கு ஆடிய அதே இரண்டு பல், அதே ஆட்டம், அதே சீழ். பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பேராசிரியை பிடுங்கவில்லை. ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து, பின்பக்கம் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டிவிட்டார். "புடுங்கலையா?" என்று கேட்டேன். "எதுக்கு? பாதி எலும்பு இருக்கே, நிக்கும்."

ஊரிலிருந்து கொண்டுவந்த உன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுவும் நின்னிருக்கும், டாக்டர்" என்றார்.

நம் ஊரில் ஆடினால் பிடுங்குவோம். நானும் அதையே செய்தேன். பத்து நிமிடத்தில் பிடுங்கி, கடித்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தேன். உன் வாயிலிருந்து ட்ரம்பெட்டைப் பறித்தது உன் நோய் இல்லை, நான்தான்.

நில்டா

புவேனஸ் ஐரிஸ்,
8 அக்டோபர்

எலியோ,

இரண்டு பேருந்து வந்துவிட்டன. மாமானி கையை விரிக்கிறார். திட்டியாவது எழுது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

நில்டா

ஒருரோ,
17 அக்டோபர்

நில்டா,

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை ட்ரம்பெட் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். ஒத்திகையில் மேளத்தோலைக் கிழித்தேன். பேண்டு தலைவர், "யார் மேலடா இவ்ளோ கோவம்?" என்றார்.

"பொண்டாட்டி மேல."

"என்ன பண்ணா?"

"உண்மையை எழுதிட்டா."

அவர் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. நீ சொல்லாமலே திருகு பதித்து நல்ல பேர் வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அந்த இடத்துக்குப் பக்கத்துப் பல் ஜூன் மாதத்திலிருந்து ஆடுகிறது. சொன்னால் பிடுங்கிவிடுவாய் என்று பயந்து, உன் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தேன். மொச்சை முழுவதையும் உனக்கு அனுப்பியது பாசத்தால் மட்டும் இல்லை.

யாரிடமும் காட்டவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறேன். அக்கா வீடெல்லாம் வேண்டாம். இங்கே மஞ்சள் கோடு எதுவும் இல்லை. நேராக வீட்டுக்கு வந்து, முதலில் கையைக் கழுவு.

உன் கிழவன்