பேராசிரியர் கழுவிய கோப்பை

பலேர்மோ, 12-03-1996, செவ்வாய்

இன்று எத்னா எரிமலையே எழுந்து நடந்தது போல ஒரு காரியம். எழுபது வருடமாகக் கரண்டிகூடக் கழுவாத, நான் வீட்டுவேலை செய்யும் பேராசிரியர், தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். ஏனென்று கேட்டால், நல்லதைச் செய்து பழகினால்தான் மனிதன் நல்லவனாகி இன்பமாக வாழலாம் என்று பழைய கிரேக்கர் சொன்னார்களாம்.

"அவையளின்ரை வீட்டிலை வேலைக்காரர் இருக்கேல்லையோ?" என்று இத்தாலியனில் கேட்டேன்.

"இருந்தார்கள். அதுதான் அவர்கள் விட்ட பிழை."

அந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது.

அடுத்த மாதம் என் பெர்மெசோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடிகிறது. புதுப்பிக்க, எனக்கு வேலை இருக்கிறதென்று இவர் கையெழுத்திட வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் மனுசியிடம் சொன்னேன்.

"ஓம், நீங்கள் கழுவுற வடிவைப் பாத்து அந்தாளே துவங்கியிட்டுது" என்றாள்.

நாளை பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை ஒளித்துவைப்பேன். கையெழுத்து வைத்த பிறகு அவர் எவ்வளவு நல்லவராக வேண்டுமானாலும் ஆகட்டும்.