நீல வளையம், பச்சை வளையம்

இன்று மதியம் அக்கா மகள் எழுந்துபோன தட்டில், ரசம் சாதத்தின் ஓரத்தில், ஒரு நீல ரப்பர் வளையம் கிடந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. காலையில்தான் ராஜகீழ்ப்பாக்கம் முனையிலிருக்கும் பல் கிளினிக்கில், க்ளிப் மாட்டுவதற்கு முன்னேற்பாடாக அவள் பல்லிடுக்கில் செருகி அனுப்பியிருந்தார்கள். அக்கா பதறிப்போய் டாக்டருக்கு போன் போட்டாள். நான் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். "பைத்தியமாடா உனக்கு?" என்று கேட்டவள், பாதியில் நிறுத்திவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் உன் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உன் முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே வந்து நிற்கும். பேசும்போது இடது கையால் வாயை மறைத்துக்கொள்வாய். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடையில் உனக்கு வேலை. வேலை என்றால் கவுண்டரில் அல்ல, பின்னால் கோடவுனில். எட்டாம் நம்பர் இடது கால் எங்கே போனது என்று அட்டைப்பெட்டிகளுக்குள் தேடுவது. கவுண்டர் வேலை கேட்டபோது முதலாளி சொன்னாராம், "கஸ்டமர் மூஞ்சப் பார்த்துப் பேசுற வேலடா இது. பல்லச் சரி பண்ணிக்கினு வா, பாக்கலாம்." செருப்பு வாங்க வருகிறவன் தன் காலைப் பார்ப்பானா, உன் பல்லைப் பார்ப்பானா என்று நான் அந்த ஆளிடம் சண்டைக்குக் கிளம்பினேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "உடு மச்சான். பல்லு சரியாச்சுன்னா கவுண்டரு. அவ்ளோதான மேட்டரு."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் க்ளிப் போட அப்போது கேட்ட தொகை உனக்கு வருஷக் கணக்கில் சம்பளம்.

அந்தச் சமயத்தில்தான் பீர்க்கன்கரணையில் உன் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. புறநகரில் புதிதாக முளைத்த ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியின் வேன். படிக்கிற பிள்ளைகளுக்குப் பழக வாய்கள் வேண்டும்; காசு கொடுக்கிறவன் எவனும் தன் வாயைப் பழகக் கொடுக்க மாட்டான். அதனால் வேன் உன் தெரு மாதிரித் தெருக்களுக்கு மட்டுமே வந்தது. நீ ஏறினாய். எனக்கும் ஒரு தெத்துப்பல் இருந்ததால் துணைக்கு என்னையும் ஏற்றினாய்.

அங்கே மேல்படிப்பு படிக்கும் ஒரு பெண் டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நம்மைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தூக்கமில்லாத கண்கள். க்ளிப் போடுமுன் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை மாட்ட வேண்டும், அதற்குப் பல்லின் இருபுறமும் இடைவெளி வேண்டும், அதைத் திறக்கிற சாமானுக்கு செப்பரேட்டர் என்று பெயர் என்றார். ஒரு பக்கம் ரப்பர் வளையம் இரண்டு, மறுபக்கம் கம்பி ஸ்பிரிங் இரண்டு. எது குறைவாக வலிக்கிறது, எது நன்றாக இடம் விடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. "ஏழு நாள் வச்சிருக்கணும். விழுந்தா உடனே வந்து சொல்லணும். நீங்களே எதாவது பண்ணீங்கன்னா ஸ்டடியில இருந்து எடுத்துடுவேன். முழுசா முடிச்சா க்ளிப் ஃப்ரீ." உனக்கு நீல வளையம் போட்டதும் அந்தப் பாக்கெட் தீர்ந்தது. எனக்குப் பச்சை.

ஆளுக்கு ஒரு படிவமும் கொடுத்தார். நாளுக்கு இரண்டு கோடு, ரப்பருக்கு ஒன்று, ஸ்பிரிங்குக்கு ஒன்று. இடது ஓரம் "வலி இல்லை". வலது ஓரம் "தாங்க முடியாத வலி". நடுவில் எங்கே இருக்கிறாயோ அங்கே குறுக்கே ஒரு கோடு போட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் உன்னால் இட்லியைக் கடிக்க முடியவில்லை. டீயில் பன்னை ஊறவைத்து, அதையும் நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்கினாய். கண்ணில் தண்ணீர். பிறகு பேனாவை எடுத்து இரண்டு கோட்டிலும் இடது ஓரத்தில் போட்டாய்.

"டேய், வலிக்குதுன்னு இப்பதானே சொன்ன?"

"உன்னாண்ட சொன்னேன். அவங்களாண்ட ஏன் சொல்லணும்? வலிக்குதுன்னா, இவனுக்குச் சரிப்படாது, வேற ஆளப் போடுன்னுவாங்க. ஓசில குடுக்கறாங்க மச்சான். வாய மூடிக்கினு வாங்கிக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் என் கோடுகள் அத்தனையையும் வலது ஓரத்தில் போட்டேன். ஸ்பிரிங் உண்மையில் அவ்வளவு வலிக்கவில்லை. ஆனாலும் போட்டேன். அறிவியலுக்கு நாம் இருவரும் செய்த தொண்டு இது.

மூன்றாம் நாள் குரோம்பேட்டையில் உன் சித்தப்பா மகன் நிக்காஹ். பெண் வீட்டார் தெற்கத்திக் கடற்கரைக்காரர்கள், அவர்கள் வழக்கப்படி பிரியாணி சஹனில். பெரிய தட்டு ஒன்று, சுற்றிலும் நான்கு பேர். உன்னோடு உட்கார்ந்தவர்கள் மூன்று பெரியவர்கள், அதில் ஒருவர் உன் பெரிய மாமா. வலி கொஞ்சம் அடங்கியிருந்ததால் நீ கறியைக் கடித்துவிட்டாய். பல்லிடுக்கில் கறி நார் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்ததாம். பல் குத்தும் குச்சியை விட்டு ஒரு நெம்பு. நார் என்று நினைத்தது துள்ளிக் குதித்துச் சஹனின் நடுவில் போய் விழுந்தது.

பெரிய மாமா அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாய்யா இது, வாஷரு? அடுப்புலேர்ந்து கயண்டு சோத்துல வியுந்துகீது. எங்கய்யா பண்டாரி?"

சமையல்காரப் பண்டாரி ஓடிவந்தார். அண்டா ஈயம் பூசியது, அடுப்பு விறகடுப்பு, விறகுக்கு ஏது வாஷர் என்று கெஞ்சினார். "அப்ப இது இன்னா, ஆட்டுக்குள்ள இருந்துச்சா?" என்றார் மாமா. சபை சிரித்தது. பண்டாரி முகம் கறுத்துப்போய் வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். நீ குனிந்த தலை நிமிராமல் கத்திரிக்காய்ப் பச்சடி தின்றுகொண்டிருந்தாய்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு ஓடிவந்தாய். வாசலிலேயே, "மச்சான், வளையம் பூட்சி" என்றாய். டாக்டரிடம் போய்ச் சொல்லலாம் என்றேன். "நானே குச்சி விட்டு நெம்புனேன்னு சொல்லவா? அவ்ளோதான், க்ளிப்பு இல்ல, கவுண்டரு இல்ல. சாவற வரிக்கும் எட்டாம் நம்பர் எடது காலு."

என் வாயில் பச்சை வளையம் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். இதை யாரும் தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று நாளாகத் தாடையில் ஏதோ ஆப்பு அறைந்த மாதிரி இருந்தது. கழற்ற ஒரு நல்ல காரணம் கிடைத்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தோம். அக்காவின் தையல் மெஷினிலிருந்து நூல் எடுத்து வளையத்துக்குள் இரண்டு இழை கோத்து, இரண்டு பக்கமும் இழுத்து, அது ஒல்லியாக நீண்டதும் உன் பல்லிடுக்கில் ரம்பம் மாதிரி இறக்கினோம். முதல் தடவை தெறித்து டிவிக்குப் பின்னால் போனது. இரண்டாம் தடவை நூல் அறுந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "டேய், பல்லப் பிடுங்குறீங்களா?" என்றாள். நீ வாயைத் திறந்தபடியே இல்லை என்று தலையாட்டினாய். மூன்றாம் தடவை இறங்கியது.

அடுத்த நாள் நீயாகவே பண்டாரியைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாய். அவர் உன்னை அடிக்கக் கரண்டியை எடுத்துவிட்டு, உன் பல்லைப் பார்த்ததும் கீழே போட்டாராம்.

ஏழாம் நாள். டாக்டர் உன் வாய்க்குள் கண்ணாடியை விட்டார். வெகுநேரம் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி வாய்.

"உங்களுக்கு ரெண்டும் நீலம்னு எழுதியிருக்கேன். இது பச்சையா இருக்கே?"

நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பிரியாணி சாப்ட்டேன் மேடம். நீலத்துல மஞ்சத்தூள் பட்டா பச்சையாத்தான் ஆவும்."

"ஒரு வளையம் மட்டும் பிரியாணி சாப்பிட்டுதா?"

பிறகு என் வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு பச்சை இருந்தது, ஒரு பச்சை இல்லை. கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "ரெண்டு பேரும் அவுட்." என்னைப் பார்த்து, "உங்க ஃபார்மே எனக்குச் சந்தேகம்தான். எல்லாரும் வலியே இல்லைன்னு போட்டிருக்காங்க, நீங்க மட்டும் எல்லாத்துலயும் தாங்க முடியாத வலின்னு போட்டிருக்கீங்க."

"எல்லாரும்னா?"

ஒரு கட்டுப் படிவத்தை எடுத்துப் போட்டார். புரட்டினேன். அத்தனையும் இடது ஓரம். ரப்பருக்கும் இடது ஓரம், ஸ்பிரிங்குக்கும் இடது ஓரம். வேன் போன தெருக்கள் எல்லாம் அங்கே வரிசையாக, வலியே இல்லாமல் இருந்தன.

நான் வெடித்தேன். இரும்பைப் பல்லிடுக்கில் செருகினால் ஏழைக்கு மட்டும் வலிக்காதா, இதைப் படித்து உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா, ஓசி என்று சொல்லி வாயைத் திறக்கவைத்தீர்கள், திறந்த வாயிலிருந்து உண்மை மட்டும் எப்படி வரும் என்று என்னென்னவோ கத்தினேன். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீதான் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாய். இடது கை வாயை மறைத்திருந்தது.

"மேடம், எப்டியும் அவுட்டுதான். சொல்லிடறேன். ரப்பரு மொத ரெண்டு நாள் பேஜாரு. இட்லி கூட எறங்காது. மூணா நாள் பயகிடும். ஸ்பிரிங்கு அந்த அளவுக்கு வலிக்கல, ஆனா கன்னத்த குத்திகினே கீது, தூக்கத்துல பொரண்டா தெரியும். அதுல சோறும் மாட்டும். ஆனா எடம் விட்டது ரப்பருதான். நாக்க வச்சிப் பாத்தாலே தெரியுது."

அவர் அளந்து பார்த்தார். நீ சொன்னது சரியாக இருந்தது.

அடுத்து பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் கேட்டார், "வலி இருந்துதாம்மா?" அம்மா முந்திக்கொண்டு, "ஐயோ, இல்லீங்க. ரொம்ப நல்லா கீதுங்க" என்றாள். நீ வாசல் வரை போனவன் திரும்பினாய்.

"பாப்பா, ஸ்கூலாண்ட முறுக்கு வாங்கித் துன்னியா?"

"இல்லண்ணா."

"தோச?"

"பிச்சிப் போட்டு, சாம்பார்ல ஊற வச்சி."

"எத்தினி நாளு?"

"நாலு நாளுண்ணா. அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சு."

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். டாக்டர் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்துவிட்டு உன்னைப் பார்த்து, "நாளைக்கு வர முடியுமா? இந்தக் கட்டுல இருக்கிற எல்லாரையும் திரும்பக் கூப்பிடப் போறேன்" என்றார்.

"க்ளிப்பு போடுவீங்களா மேடம்?"

"ஸ்டடியில இல்ல. என் சொந்தக் கேஸா போடறேன்."

ஒரு மாதம், கடை லீவு நாட்களில், நீ அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். யாரிடமும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் எதை மென்றார்கள், கஞ்சியா, இட்லியா, தோசையா, பரோட்டாவா, முறுக்கா என்று கேட்டாய். டாக்டர் உன் வரிசையைப் படிவத்தின் மேல் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். ரப்பர் பக்கம் முதல் நாள் கஞ்சியில் தொடங்கியது, ஸ்பிரிங் பக்கம் தோசையில் தொடங்கியது. அவர் ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு வந்தது. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. என்னைக் கேட்டால் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் க்ளிப் போட்டாய். பல் சீப்பு மாதிரி வரிசைக்கு வந்தது. முதலாளியிடம் போய் நின்றாய். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "பல்லு ஷோக்கா கீது. ஆனா இப்ப கவுண்டருக்கு இங்கிலீஷ் வேணும்பா" என்றார். நான் மறுபடி சண்டைக்குக் கிளம்பினேன். நீ மறுபடி சட்டையை இழுத்தாய். "மச்சான், இங்கிலீஷுக்கும் எதுனா ஸ்பிரிங்கு வச்சி எடம் உடுவாங்களா, அந்த மேடத்தக் கேளு" என்று சிரித்தாய். கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கோடவுனுக்கே திரும்பிப் போனாய். சிரிப்பு மட்டும் உன்னிடம் நின்றது.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சல். நான் அப்போது ஊரில் இல்லை; திரும்பி வந்தபோது நீ இல்லை. ஆஸ்பத்திரியில் உன்னை யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், நீ எந்த ஓரத்தில் கோடு போட்டாய் என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் இன்றுவரை விட முடியவில்லை.

நான் இப்போது வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் மேடவாக்கத்துக்கு அப்பால், நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த அடுக்கு வீடுகள். தண்ணீர் வசதி எப்படி என்பது கேள்வி. திருப்தி, சுமார், திருப்தி இல்லை. அச்சில் உள்ளபடியே கேளுங்கள் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது மாடியில் ஓர் அக்கா, கேள்வியை முடிக்குமுன்பே, "எல்லாம் திருப்தி சார்" என்றார்.

நான் பேனாவை மூடினேன். "யக்கா, இன்னைக்குக் காலைல எத்தினி கொடம் மேல தூக்குனீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். குடக்கணக்கில் தொடங்கி, இடுப்பு வலிக்கு வந்து, லாரிக்காரனைத் திட்டி, படியில் வழுக்கி விழுந்த மருமகள் கதைக்குப் போனார். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. "அவளுது இன்னா, என்னுத எழுதிக்கோ சார்" என்று இன்னொருவர் வந்தார். படிவத்தில் அந்தப் பதிலுக்கு விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.