ஏலத்தில் போட்ட தாளம்

மரகதம்,

இன்றைய கச்சேரிக்காக ஊட்டிக்குக் கிளம்பிவிட்டேன். உப்புமா மூடி வைத்திருக்கிறேன். சூடாகத் தின்றாலும் ஆறின பிறகு தின்றாலும் ஒரே ருசிதான்.

அந்த நாற்பது மூட்டைத் தேயிலைத் தூளைப் பார்க்கக் காந்தலில் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து வருவார். கிடங்குச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. விலை விழுந்து கிடக்கும் நேரத்தில், யாரும் தொடாத தூளை எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லாதே. குன்னூர் ஏலத்தில் உட்கார்ந்து மனசுக்குள் பல்லவி பாடினேன், கையை வீசித் தாளம் போட்டேன், ஏலக்காரர் அதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்?

நீ நம்பினாய். அதுதான் வினை. "ஏனுங்க, யாவாரத்துக்குப் போனா யாவாரம் பாருங்க. இனி உங்க கச்சேரிப் பக்கமே நான் வரமாட்டனுங்க" என்றாய். நியாயம்தான்.

சுடலைமுத்துவுக்குக் காபி கொடு. டீ வேண்டாம், ருசி பார்த்துவிடுவார்.

பி.கு: இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்று. நீளமான தாளம் என்றால் எனக்குக் கணக்கு நிற்காது. முன்வரிசையில் நீ மடியில் போடும் தாளத்தைப் பார்த்துத்தான் பாடி வருகிறேன்.

இன்னொன்று: நாலு மணிக்கு பஸ் இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வா. பேசக்கூட வேண்டாம். உன் கை தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் போதும்.