தூங்கிய செல்கள்

வைட்ஃபீல்ட்
12.6.2025

அன்புள்ள குளோரியா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் லேபில் ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்தைச் சோதித்தோமே. அளவு கூடக்கூட நோய் எதிர்ப்புச் செல்கள் சுறுசுறுப்பாகும் என்று காத்திருந்தோம். அதிக அளவு போட்ட தட்டில் மட்டும் அவை எழும்பவே இல்லை. ரெஜிஸ்டரில் நீங்கள் “செல்ஸ் தூங்குது” என்று எழுதினீர்கள். “செல்ஸ் தூங்குச்சா, நீங்க தூங்கிட்டீங்களாக்கா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தேன். பிறகு, செல்களைத் தூண்டும் மருந்தைத் தட்டில் ஊற்ற டெக்னீஷியன் குளோரியா மறந்துவிட்டார் என்று லேப் ஹெட் மஞ்சுநாத் சாருக்கு எழுதியும் கொடுத்தேன். அதனால் உங்கள் வேலை போயிற்று.

சென்ற வாரம் அதே சோதனையை நானே மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் தூங்கின. செல்கள் விழிக்க ஆக்ஸிடன்ட் கொஞ்சம் வேண்டும். அதிக அளவு மருந்தால் நாம் அதை ஒரேயடியாகத் துடைத்திருக்கிறோம். இத்தனை படித்த எனக்கு அது தோன்றவில்லை. வெட்கத்தில் சோறு இறங்க மாட்டேனென்கிறது, அக்கா. மன்னிப்பீர்களா?

உங்கள்
சஹானா


ஈஜிபுரா
20.6.2025

சஹானாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் கடிதத்தை ரெண்டு தரம் படித்தேன். அழுதுகொண்டே எழுதியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

இப்போது அடுகோடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். ஊசி குத்துவதோடு சரி, மெஷின் பக்கம் விடுவதில்லை. பழைய இடத்தில் விசாரித்தார்களாம், மறதிக்காரி என்று பதில் வந்ததாம். இருபத்திரண்டு வருஷ வேலைக்குக் கிடைத்த பெயர்.

பழியை மஞ்சுநாத் சாருக்கு எழுதினாய். மன்னிப்பை மட்டும் எனக்கு எழுதுகிறாய். அட்ரஸ் தப்பு, சஹானா.

குளோரியா


வைட்ஃபீல்ட்
27.6.2025

குளோரியா அக்காவுக்கு,

நேற்று மஞ்சுநாத் சாரிடம் கொடுத்த கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. அடுகோடிக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன். படித்த பிறகு சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்களிலிருந்து லேபுக்கு வர வேண்டாம் என்றார்.

நகலின் கடைசிப் பத்தியை நீங்கள் படிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். தூண்டும் மருந்தைத் தட்டில் ஊற்றியதும் அதன் குப்பி மூடியில் பேனாவால் டிக் போடுவது உங்கள் வழக்கம். அன்று நீங்கள் வீட்டுக்குப் போனதும் குப்பைத் தொட்டியிலிருந்து அந்த மூடியை எடுத்துப் பார்த்தேன். டிக் இருந்தது. அதன் பிறகுதான் சாருக்கு எழுதினேன்.

சஹானா