எந்த ஊர் என்று கேட்டால்

மார்ச் 4

என் டைலரம்மாவுக்கு,

நான் சுகம். நம் பழைய கார் என்னைவிடச் சுகம். உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாய், எனக்குத் தெரியும்.

போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் அழுதுவிடுகிறோம், கடிதமே போடுங்கள் என்று சொல்லி அனுப்பினாய். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் இதுதான். பிழை இருந்தால் சிரிக்காதே.

நாம் குடிபோகப் பார்த்த முதல் ஊர் நல்ல ஊர். லாட்ஜில் என் அறை ஜன்னல் சாத்தாது, மற்றபடி குறையில்லை. தரகர் ஒரு வீடு காட்டினார். முன்னறை பெரிது, உன் மிஷின், வெட்டுமேஜை இரண்டையும் போடலாம். தண்ணீர் கஷ்டமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காது கேட்காதவர், உன் மிஷின் சத்தத்துக்குச் சண்டைக்கு வரமாட்டார். எல்லாம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் சார்?" என்றார் தரகர். எனக்கே தெரியவில்லை. படிக்கட்டு சரியில்லை என்றேன். "சார், இது தரைவீடு. படிக்கட்டே கிடையாது" என்றார்.

இன்னொன்று. அந்த ஊரைத் தாண்டி பதினோரு கிலோமீட்டர் போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன். பலகையைப் பார்த்தேன், படித்தேன், ஆனாலும் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பத்தொன்பது வருஷம் எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டக்டர் விசில் கொடுத்தார், நான் நிறுத்தினேன். இப்போது தனியாக ஓட்டுகிறேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அடுத்த ஊர்ப் பெயரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், அந்தத் தபால் நிலையத்துக்குப் பதில் போடு.

உன் டிரைவர்

*

மார்ச் 9

டிரைவர் சாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தண்ணீர் இருக்கிறது, முன்னறை பெரிது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. இதைவிட ஒரு வீடு நமக்கு யார் கட்டிக் கொடுப்பார்கள்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் வீடு தேடப் போனீர்களா, வீட்டுக்குக் குறை தேடப் போனீர்களா?

இங்கே யூனிபார்ம் தைத்து மாளவில்லை. இன்னும் அறுபது சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்க வேண்டும். அதை முடித்துக் கொடுத்தால்தான் நான் கிளம்ப முடியும். வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை எழுதிக் கட்டிவிட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல், நீங்கள் இருந்தால் நேராக எழுதியிருப்பீர்கள்.

அட்டையைக் கட்டிய அன்றைக்கு எதிர்வீட்டக்கா காய் வாங்கிக்கொண்டு வந்தார். நம் வாசலில் நின்று அட்டையைப் படித்தார். இரண்டே வார்த்தை, அதைப் படிக்க அவ்வளவு நேரமா? நான் சாத்திய ஜன்னலின் இடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வீட்டுக்காரர், உங்கள் கண்டக்டர், போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் அக்காவும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் அவர் வீட்டுக் கரண்டி எது, நம் வீட்டுக் கரண்டி எது என்றே தெரியாது.

விசாரணையில் உங்கள் மேல் தப்பில்லை என்றுதானே எழுதினார்கள்? அன்றைக்கு மூன்று மணிக்கு நீங்கள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க, கண்டக்டர் பின்னால் நின்று வா வா என்று கை காட்டினார், எண்ணெயில் வழுக்கினார், நீங்கள் கண்ணாடியில் பார்க்கும்போது அவர் இல்லை. எத்தனை தடவை சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது வெறும் வார்த்தையாகிவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் டைலரம்மா

*

மார்ச் 15

டைலரம்மாவுக்கு,

திட்டாதே. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இரண்டாவது ஊர் மலையடியில். பிடித்திருந்தது, நிஜமாகவே. வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைக்காரர், "எந்த ஊரு சார்? என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். "வாத்தியார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தெரியாது.

அவ்வளவுதான். அரைமணியில் கடைக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், கணக்கு வராதாம். அந்தப் பெண் நோட்டை நீட்டுகிறது. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, பின்னக் கணக்கு, எப்படியோ போட்டுவிட்டேன். "நாளைக்கும் வாங்க சார்" என்றது. மறுநாள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஊரில் சமையல்காரர் என்றேன். நாலாவது ஊரில் பேசவே இல்லை, லாட்ஜ்காரர் என்னை ஊமை என்று நினைத்து சைகையில் சாவி கொடுத்தார். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அதுதான் என் பிழைப்பு.

ஒன்று கேட்கிறேன். ஊர் கிடைத்துவிடும், வீடும் கிடைத்துவிடும். அங்கே நான் யார்? பஸ் டிரைவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் விட்டீங்க என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஆளுக்கு எந்த ஊர் சரிப்படும்? உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்குத் தலை சுற்றுகிறது.

உன் டிரைவர்

*

மார்ச் 21

உங்களுக்கு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. நேற்று எதிர்வீட்டக்கா வந்தார்.

நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே உள்ளே வந்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இளைத்துப் போயிருக்கிறார். திட்ட வந்திருக்கிறார், திட்டட்டும் என்று குனிந்துகொண்டேன்.

"ஊரை விட்டுப் போறீங்களாமே" என்றார்.

"ஆமாக்கா."

"போங்க. நான் பிடிச்சு வெக்கலை. போறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

பட்டனைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குக் காலைல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. பல்லு வலின்னு ஒரு மாசமாத் துடிக்கறாரு, டாக்டர்கிட்ட போன்னா கேக்கலை. நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டுட்டேன். சாப்பாட்டு டப்பாவை அங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரு. மத்தியானம் மூணு மணி வரைக்கும் அந்தக் கோவத்தோடயே இருந்தாரா, இல்லை ஆறிடுச்சா? எனக்கு அது தெரியணும். உலகத்துல அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான். அவரு வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா வீடு பாக்கறாரு."

"அக்கா, அவரு உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான்..." என்றேன்.

"முழிக்க வேண்டாம். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லட்டும். எனக்கு வேண்டியது வாய்தானே" என்றார்.

எழுந்து போய்விட்டார். அவர் நம்மை வெறுக்கிறார் என்று நினைத்து ஏழு மாதம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். நம்மீது கோபம் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. எனக்கு எதுவும் விளங்கவில்லை.

அன்றைக்குக் கண்டக்டர் என்ன சொன்னார்? என்னிடம்கூட நீங்கள் சொன்னதில்லை. தெரிந்தால் எழுதுங்கள், நான் கொண்டுபோய் அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

டைலரம்மா

*

மார்ச் 26

என் டைலரம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். அப்புறம் வண்டியில் ஏறினேன். சாவியைப் போடவில்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

முதல் டிரிப்பில் கண்டக்டர் யாரோடும் பேசவில்லை. சில்லறைக்கு இரண்டு பேரோடு சண்டை போட்டார். பத்து மணி டிரிப்பில் ஏறிய ஒரு அம்மாவிடம், நல்ல பல் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். மத்தியானம் உன் சாப்பாட்டில் பாதியை அவர்தான் சாப்பிட்டார், இடது பக்கமாக மென்று மென்று. "எங்க வீட்டம்மா சொன்னது சரிதான்யா. நாளைக்குப் பல்லைப் பிடுங்கிடறேன். ஆனா அவகிட்ட சொல்லிடாதே, தலைமேல ஏறி உட்காந்துக்குவா" என்று சிரித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று மணிக்குக் கோபம் இல்லை.

நீ கேட்டால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் நல்லதையும் சேர்த்து மூடி வைத்தேன். எதிர்வீட்டக்கா பாவம், ஏழு மாதமாக அந்தக் காலைச் சண்டையிலேயே நின்றுவிட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை.

இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. நான் வந்து சொல்கிறேன். மூன்று மணிவரைக்கும் சொல்வேன். அதற்கு அப்புறமும் கேட்டால், அதையும் சொல்வேன்.

வாசல் அட்டையைக் கழற்ற வேண்டாம். போவோமா இருப்போமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். எதிர்வீட்டக்கா கேட்டுவிட்டு என்ன சொல்வார் என்றும் தெரியாது. போ என்றால் போவோம்.

சனிக்கிழமை பகலில் வருகிறேன். தெரு பார்க்கட்டும். முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போவேன். நீ கூட வர வேண்டாம். நம் வாசலில் நில், போதும்.

உன் டிரைவர்