வெறும் பேப்பர்தான்

பாவா,

கடைச் சுவர் ஒழுகி, நீங்கள் கடைசியாக வரைந்த படத்தின் பின்னட்டை ஊறிவிட்டது. இன்று காலை சட்டத்தைக் கழற்றினேன். ஈர மரமும் பென்சிலும் கலந்த வாசனை. நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு கணம் மறந்தே போயிற்று.

உங்களை நான் நம்பியதே இல்லை. அக்கா புருஷன் ஆயிற்றே என்று கடை மூலையில் உங்கள் படங்களை மாட்ட விட்டேன். திருத்தணி மலைக்கு அவசரமாக வந்து போகிறவர்களுக்கு முருகன் படத்தைச் சட்டம் போட்டு விற்கிற கடை. நீங்களோ கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாகப் பென்சில் ஓட்டுவீர்கள்.

"இன்னா பாவா, வெறும் பேப்பர மாட்டி வெச்சிகினு ஊர ஏமாத்துறீங்களா?"

"ஆங், வெறும் பேப்பர்தான். நீ போயி ஆணி அடி."

அந்தப் பதில்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. போகாமல் நின்றேன். நிற்க நிற்க வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பூக்கடை வந்தது. காவடியை இறக்கி வைத்துவிட்டுக் காலைத் தேய்க்கிற கிழவர் வந்தார். அப்போதும் நம்பவில்லை. படங்களுக்கு எதிரே நீங்கள் போட்டு வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து "ஆகா" என்றவர்களில் பாதிப் பேர் நடித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கடைசிப் படத்தை நீட்டியபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. "இதுல உன்னையும் போட்டுக்கீறேன். தேடிக்கோ." அந்த வாரமே போய்விட்டீர்கள்.

சட்டம் போட்டு மாட்டி, கடை திறந்ததும் தினமும் தேடினேன். கடைத்தெரு முழுக்க இருக்கிறது, கூரைமேல் குரங்குகூட இருக்கிறது. நான் இல்லை. என்னை நிற்க வைக்கத்தான் புளுகினீர்கள் என்று முடிவு கட்டினேன். குரங்குக்கு இருந்த இடம் எனக்கு இல்லையா என்று அழுகையாக வந்தது.

இன்று கழற்றினால், சட்டத்தின் மரம் மூடியிருந்த விரலகல ஓரத்தில் நிற்கிறேன். கடை வாசலில், வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு, யாரையோ முறைத்தபடி. எந்தப் படம் வந்தாலும் ஓரத்தைப் பாராமல் சட்டத்துக்குள் தள்ளி அடிக்கிறவள் நான். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே வரைந்தீர்களோ? அந்தச் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

மதியம் பள்ளிப்பட்டுப் பெண் ஒருத்தி கல்யாணப் போட்டோவோடு வந்தாள். "சீக்கிரம்கா, பஸ் போயிடும்." நான் சுத்தியலை வைத்துவிட்டு நான்கு ஓரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, போட்டோல எதுனா கீதா?"

"ஒண்ணுமில்ல, வெறும் போட்டோதான். நீ போயி உக்காரு."

அவள் உட்காரவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தாள்.