போனில் இல்லாத கடை

செவ்வாய், இரவு.

பக்கத்து வீட்டு தாசையன் அண்ணன் இறந்துவிட்டார். சவப்பெட்டி கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து, என் சவப்பெட்டிக் கடையைத் தாண்டிப் போனது. அடக்கம் முடிந்து, பெட்டியை ஏன் என்னிடம் வாங்கவில்லை என்று அவர் மகனிடம் கேட்டேன்.

“அப்போ ஒண்ணும் ஓடல்ல மாமா. போன்ல தேடினேன், அதுல உங்க கடை இல்ல.”

வீட்டில் மனைவி மேரி விடவில்லை. “போன்ல போட்டாத்தான் இனி ஆளு வரும், கேட்டேளா. இல்லங்கி கடைய அடைக்கணும்.”

“சாவுக்கு விளம்பரமா?” என்றேன்.

அவள் என்னைக் கடைமுன் நிறுத்திப் படம் எடுத்தாள். “கொஞ்சம் சிரியுங்க” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகத்தை எப்படி வைப்பதென்று எனக்கும் தெரியவில்லை. அப்படியே ஏற்றிவிட்டாள், என் நம்பரோடு.

போன் தலைமாட்டில் கிடக்கிறது. அது அடிக்க வேண்டும் என்று ஜெபிக்க வாய் வரவில்லை.